பழைய ஸ்பேனர்கள்

அஞ்சல் தலை சேர்ப்போரும் பழங்காசு சேர்ப்போரும் நம்மிடையே பலர் உளர். அவர்களுடைய பொழுதுபோக்குக்கு நாட்டில் மதிப்பும் உண்டு. நான் சேர்ப்பவையோ ஸ்பேனர்கள். நட்டையும் போல்ட்டையும் முடுக்கவும் கழற்றவும் உதவும் கைக்கருவிகள். அவற்றைப் பழைய இரும்புக் கடையில் எடைக்கு எடை காசு கொடுத்து வாங்குகிறேன் என்று சொன்னால், கேட்பவர் என்னை மரை கழன்றவன் என்று எண்ணக்கூடும். எண்ணட்டும். அந்த மரையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு புதிர். என்னிடம் உள்ள பழைய ஆங்கில நாட்டு ஸ்பேனர் ஒன்றில் 1/2 என்ற எண்ணும், அதன் அருகே ‘டபிள்யூ’ என்னும் எழுத்தும் பொறிக்கப்பட்டுள்ளன. வாயை அளந்து பார்த்தாலோ அரை அங்குலம் இல்லை, 0.92 அங்குலம், அதாவது ஏறக்குறைய 23.4 மில்லிமீட்டர் இருக்கிறது. செய்தவன் தவறிவிட்டானா? அன்று. அந்த எண் ஸ்பேனர் வாயின் அளவைக் குறிப்பதே இல்லை. எந்த நட்டை அது பற்றுகிறதோ, அந்த நட்டுக்குள் செல்லும் போல்ட்டின் விட்டத்தைக் குறிக்கிறது. ‘டபிள்யூ’ என்பது ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலேயப் பொறியாளரின் பெயரைச் சுட்டும் எழுத்து.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் மனம் போல மரை வெட்டிற்று. ஒரு பட்டறையின் நட்டு மற்றொரு பட்டறையின் போல்ட்டில் ஏறாது. எந்திரத்தில் ஒரு நட்டு தொலைந்தால், அந்த எந்திரத்தைச் செய்தவரையே தேடிப் போக வேண்டும். விட்வொர்த் லண்டனில் மாட்ஸ்லேயின் புகழ்பெற்ற பட்டறையில் தொழில் பழகி, பின் மான்செஸ்டரில் சொந்தமாகத் தொழிற்சாலை நிறுவியவர். அவர் பல பட்டறைகளின் போல்ட்டுகளைத் திரட்டினார், மரைகளை அளந்தார், சராசரி கண்டார். மரையின் கோணம் 55 பாகை என்றும், இன்ன விட்டத்துக்கு அங்குலத்துக்கு இத்தனை மரை என்றும் வகுத்து 1841-இல் வெளியிட்டார். அரை அங்குலப் போல்ட்டுக்கு 12 மரை. கால் அங்குலத்துக்கு 20. புகைப்படக் கருவியை முக்காலியில் பொருத்தும் சிறு திருகைப் பாருங்கள். கோணம் பின்னாளில் மாறியபோதிலும், அங்குலத்துக்கு 20 மரை என்ற கணக்கு அதில் இன்றும் நிலைத்திருக்கிறது.

அதே 1841-இல் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில், லோரிங் கோஸ் என்பவர் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அது வாயைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய ரெஞ்சு. முன்னிருந்தவற்றைச் சரிசெய்ய இரு கைகளும் தேவைப்பட்டன. கோஸ் திருகைப் பிடியின் பக்கவாட்டில் வைத்தார். பிடித்த கையின் கட்டைவிரலாலேயே அதைச் சுழற்றலாம். ஒழுங்கற்ற நட்டுகளுக்கு ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு விடைகள் இவை. எல்லா நட்டுகளையும் ஓரளவாக்கு என்றது ஒன்று. எந்த நட்டுக்கும் பொருந்தும் வாயைச் செய் என்றது மற்றொன்று. என் அலமாரியில் இவ்விரு குடும்பத்தாரையும் எதிரெதிராக அடுக்கி வைத்திருக்கிறேன்.

இரண்டாம் குடும்பத்தின் சிறந்த பிள்ளை சுவீடனில் பிறந்தது. என்ஷோப்பிங் என்னும் ஊரில் 1886-இல் பட்டறை தொடங்கிய யோஹான் பெட்டர் யோஹான்சன் 1888-இல் குழாய்களைப் பற்றும் ரெஞ்சையும், 1892-இல் நம் பட்டறைகளில் ‘ஸ்குரூ ஸ்பேனர்’ என்று வழங்கும் கருவியின் வடிவத்தையும் அமைத்தார். நூற்றுக்கு மேற்பட்ட காப்புரிமைகள் பெற்றவர் அவர். இக்கருவியைப் பயன்படுத்தும்போது, அசையாத தாடையின்மேல் விசை விழுமாறு இழுக்க வேண்டும். மாற்றிப் பிடித்தால் அசையும் தாடை நெகிழ்ந்து, நட்டின் மூலைகளைத் தின்றுவிடும். எவ்வளவு நன்றாகச் செய்ததாயினும் ஸ்குரூ ஸ்பேனர் ஒரு சமாதானமே. அளவான ஸ்பேனருக்கு அது ஈடாகாது என்பது என் துணிபு.

ஒழுங்கும் நெடுநாள் ஒரே ஒழுங்காக நிற்கவில்லை. அமெரிக்காவில் 1864-இல் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகைக் கோணத்தில் வேறொரு முறை கண்டார். அங்கே அரை அங்குலப் போல்ட்டுக்கு 13 மரை. 12-க்கும் 13-க்கும் என்ன பெரிய வேறுபாடு என்று கேட்கலாம். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகள் ஒருவர் எந்திரத்தை மற்றவர் பழுதுபார்க்க நேர்ந்தபோது அந்த ஒரு மரை பெருந்தொல்லையாயிற்று. 1948-இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒரு பொது மரைக்கு உடன்பட்டன. போர்க்காலத்தில் எஃகைச் சிக்கனப்படுத்த வேண்டியிருந்தமையால், விட்வொர்த் நட்டுகளையும் பிரிட்டனில் ஒரு படி சிறிதாக்கினர். நெருக்கமான மரை கொண்ட வரிசைக்கு முன்பே வழங்கிய சிறு நட்டு இதற்கும் வந்தது. ஆகவே 0.82 அங்குல வாயுடைய ஸ்பேனர் பழைய கணக்கில் 7/16, புதிய கணக்கில் 1/2. ஒரே வாயில் இரண்டு எண்கள் இருந்தால் வியப்படையாதீர்கள். காக்கைக் காலைப் போல மூன்று கோடுகள் கூடிய அம்புக்குறி தென்பட்டால், அது பிரிட்டிஷ் அரசின் உடைமையாக இருந்தது என்று அறியலாம். பெரும்பாலும் ஆண்டும் அருகில் இருக்கும்.

நம் நாட்டில் மெட்ரிக் அளவைக்கான சட்டம் 1956-இல் வந்தது. நட்டும் போல்ட்டும் மெல்ல மெல்ல மில்லிமீட்டருக்கு மாறின. பழைய எந்திரங்களோ மாறவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சிற்றூர் நெல் ஆலையில் பழைய ஆங்கில நாட்டு எண்ணெய் எந்திரம் ஒன்றைக் கண்டேன். இளைஞர் ஒருவர் சிலிண்டர் மூடியைக் கழற்ற 24 மில்லிமீட்டர் ஸ்பேனரோடு போராடிக்கொண்டிருந்தார். நட்டின் அகலம் 23.4. இடைவெளி அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அது போதும், மூலைகள் உருண்டுவிட்டன. மூன்று நட்டுகளை உளி வைத்து வெட்ட வேண்டியதாயிற்று. அதே ஊரின் பழைய இரும்புக் கடையில் அரை அங்குல விட்வொர்த் ஸ்பேனர்கள் இரண்டு, உருக்காலைக்குப் போகும் குவியலில் கிடந்தன. ஒன்றை ஆலைக்காரரிடம் கொடுத்துவிட்டு, மற்றதை நான் வைத்துக்கொண்டேன்.

இத்தகைய கருவி கையில் கிடைத்தால், சாணைச் சக்கரத்தில் காட்டிப் பளபளப்பாக்காதீர்கள். துருவோடு எழுத்தும் எண்ணும் போய்விடும். ஓரிரவு வினிகரில் ஊறவைத்து, பித்தளைக் கம்பித் தூரிகையால் மெல்லத் தேயுங்கள். பிறகு சலவைச் சோடா கலந்த நீரில் கழுவி, ஈரம் போக உலர்த்தி, எண்ணெய் தடவுங்கள். எழுத்து தெளியவில்லையானால் பள்ளங்களில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் படியுங்கள். பிடியில் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்தோ அரத்தால் கீறிய கோடோ இருந்தால், அது அந்தக் கருவியைக் கையாண்ட தொழிலாளி தன்னுடையது என்று இட்ட அடையாளம். தொழிற்சாலையின் பெயரைக் காட்டிலும் அதை நான் ஆவலோடு தேடுவதுண்டு.