பழைய செல்போனைக் கைமாற்றும் முன் கவனிக்க வேண்டியவை

புதிய செல்போன் வாங்கும்போது நாம் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட பழையதைக் கைமாற்றும்போது காட்டுவதில்லை. கேமரா எப்படி, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று நாலு கடை ஏறி விசாரிக்கிறோம். பழையதைக் கொடுக்கும்போதோ, எக்ஸ்சேஞ்சில் எவ்வளவு கழிப்பார்கள் என்பதோடு நம் கேள்வி முடிந்துவிடுகிறது.

அந்தச் செல்போனுக்குள் இருப்பவை நம்முடையவை மட்டுமல்ல. வீட்டுப் பெண்களின் படங்கள், தங்கையின் நிக்காஹ் வீடியோ, வாப்பாவின் மருத்துவ ரிப்போர்ட், ஆதார் நகல், ஒரு உறவினர் மனம்விட்டு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எனப் பலருடைய அந்தரங்கம் அதில் இருக்கிறது. நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்டது அமானிதம் என்றால், இவையும் அமானிதங்களே.

"எல்லாவற்றையும் டெலீட் செய்துவிட்டுத்தான் கொடுத்தேன்" என்று பலர் சொல்வதுண்டு. டெலீட் என்றால் என்ன என்பதை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நூலகத்தின் பட்டியலில் ஒரு புத்தகத்தின் பெயரை அடித்துவிட்டால், புத்தகம் அலமாரியை விட்டுப் போய்விடுவதில்லை. மெமரி கார்டிலும் இதுதான் நடக்கிறது. படம் இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பு மட்டுமே நீங்குகிறது. அந்த இடத்தில் வேறொன்று பதியும் வரை படம் அங்கேயே கிடக்கும். இலவச ரெக்கவரி மென்பொருள் ஒன்று இருந்தால் அதை மீட்டுவிட முடியும்.

அப்படியானால் ஃபேக்டரி ரீசெட் போதுமா? 2015-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பயன்படுத்தப்பட்ட 21 ஆண்ட்ராய்டு செல்போன்களைச் சோதித்தார்கள். ரீசெட் செய்த பிறகும் பழைய தகவல்களை மீட்க முடிந்தது. இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், புதிய செல்போன்கள் எல்லாவற்றிலும் தகவல்கள் ரகசியக் குறியீடாக மாற்றப்பட்டே சேமிக்கப்படுகின்றன. ரீசெட் செய்தால் அதைப் படிப்பதற்கான சாவி அழிந்துவிடும். சாவி இல்லாமல் மிஞ்சியிருப்பதை யாராலும் படிக்க முடியாது. ஐபோன்களில் இந்த ஏற்பாடு முன்பே உண்டு. மிகப் பழைய ஆண்ட்ராய்டு என்றால், செட்டிங்ஸில் 'என்க்ரிப்ட் போன்' வசதியை இயக்கிய பிறகு ரீசெட் செய்வது நல்லது.

எனவே விற்கும் முன் இந்த வரிசையைப் பின்பற்றுவோம். முதலில், தேவையானவற்றை வேறிடத்தில் சேமித்துக்கொள்ள வேண்டும். அடுத்து, கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் வாங்குபவர் செல்போனைத் திறக்க முடியாமல் தவிப்பார். பிறகு சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிவிட வேண்டும். கார்டை விற்கவே வேண்டாம். கடைசியாக ஃபேக்டரி ரீசெட்.

ஆன் ஆகாத செல்போன்களில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். திரை உடைந்தாலும் உள்ளே இருக்கும் சேமிப்புச் சில்லு நன்றாகவே இருக்கலாம். அதைத் தெருவில் வரும் வண்டிக்காரரிடம் கொடுத்து ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்குவது லாபமல்ல. திரையை மாற்றி, ரீசெட் செய்த பிறகு கொடுங்கள். முடியாவிட்டால் வீட்டிலேயே வைத்திருங்கள். சுத்தியலால் உடைக்க வேண்டாம், லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும்.

பழுது பார்க்கக் கொடுக்கும்போதும் கவனம் தேவை. பின் நம்பரைச் சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுப்பது வீட்டுச் சாவியைக் கொடுப்பது போன்றது. சாம்சங் செல்போன்கள் பலவற்றில் 'மெயின்டனன்ஸ் மோட்', கூகுள் பிக்சலில் 'ரிப்பேர் மோட்' என்ற வசதிகள் உள்ளன. அவற்றை இயக்கிவிட்டால் பழுது பார்ப்பவருக்கு நம் படங்களும் மெசேஜ்களும் தெரியாது.

நம் படத்தைப் பற்றி நாம் கவலைப்படாமல் இருக்கலாம். ஆனால் அதே படத்தில் நம் அருகில் நிற்பவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இந்த வாரம் வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய செல்போன்களை எடுத்துப் பாருங்கள். உம்மாவின் செல்போனை மாற்றும்போது, பிள்ளைகள் பக்கத்தில் இருந்து இதைச் செய்துகொடுங்கள்.