பாற்பல்லும் தாயின் மீதான பழியும்

அண்மையில் இலண்டனில் பல் வைத்தியர் ஒருவரின் அறையில், ஒரு தாயாருக்கு மொழிபெயர்ப்பதற்காக நாம் அமர்ந்திருந்தோம். அவரது நான்கு வயது மகனின் மேல்முன்பற்கள் நான்கும் கறுத்துக் கரைந்திருந்தன. "இரவில் பிள்ளை என்ன குடிப்பார்?" என்று மட்டுமே வைத்தியர் வினவினார். நாமோ, "இரவில் ஏன் போத்தல் கொடுத்தீர்கள்?" என்று தமிழில் கேட்டுவிட்டோம். தாயார் விம்மி அழுதார். குற்றஞ்சாட்டியவர் வைத்தியரல்லர், நாமே.

அழுகை தணிந்தபின் அவர் கூறியவை எம்மை நாணச் செய்தன. புகலிட விண்ணப்பம் நிலுவையிலிருந்த காலத்தில் குடும்பம் ஓரறையிலேயே வாழ்ந்தது. கணவருக்கு வேலை செய்ய அனுமதியில்லை. நள்ளிரவில் பிள்ளை அழுதால் அடுத்த அறையினர் சுவரில் தட்டுவர். சீனி கலந்த பால்போத்தலே அவ்வழுகையை அடக்கியது. "ஊரில எண்டால் அம்மா தூக்கி ஆட்டியிருப்பா, அண்ணை" என்றார்.

பல் கறுத்ததை அவர் ஓராண்டுக்கு முன்னரே கண்டிருந்தார். ஆனால் பிறந்தநாள் விழாவொன்றில் உறவினர் ஒருவர் பிள்ளையின் உதட்டை உயர்த்திப் பார்த்து, "தாய் கவனிக்கேல்லையோ?" என்று பலர் முன்னிலையில் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து மகன் வாய்திறந்து சிரிப்பதில்லை. தாயும் அவனை எவரிடமும் காட்டவில்லை. அந்த ஓராண்டுக்குள் சூத்தை வேர்வரை சென்றுவிட்டது.

சூத்தை உருவாகும் விதம் எளியது. வாயிலுள்ள கிருமிகள் சீனியை அமிலமாக்குகின்றன. அமிலம் பல்லின் மேற்படையைக் கரைக்கின்றது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் இரவுச் சீனி பெருங்கேடு செய்யும். ஆகவே அத்தாயாரிடம் தவறே இல்லையென நாம் கூறவில்லை. ஆனால் அது அன்பின்மையால் நேர்ந்த தவறன்று.

இங்கிலாந்தில் 2024 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுப் பிள்ளைகளுள் 22.4 வீதத்தினருக்குப் பற்சூத்தை இருந்தது. மிக வறிய பகுதிகளில் இது 32.2 வீதம், வசதிமிக்க பகுதிகளில் 13.6 வீதம். எம்மவர் செறிந்து வாழும் வெம்பிளியை உள்ளடக்கிய பிரென்ற் பகுதியில், 2022 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பத்துக்கு நான்கு பிள்ளைகளுக்கு மேல் பாதிக்கப்பட்டிருந்தனர். வறிய பகுதித் தாய்மாரின் அன்பு குறைந்ததென எவரும் கூறார்.

"விழப்போகும் பல்தானே" என்றிருப்பதும் தவறு. பாற்பல்லும் வலிக்கும், சீழ் பிடிக்கும். மயக்க மருந்து கொடுத்துப் பல் பிடுங்குவதற்காக ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இந்நாட்டு மருத்துவமனைகளில் சேர்க்கப்படுகின்றனர்.

வாசகர்கள் அறியவேண்டியவை சில. தேசிய சுகாதார சேவையில் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குப் பற்சிகிச்சை இலவசம். புகலிட உதவி பெறும் பெற்றோரும் எச்.சி.2 சான்றிதழைக் காட்டினால் கட்டணம் செலுத்தத் தேவையில்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கேட்கலாம். புளோரைட்டு கலந்த பற்பசையால் படுக்குமுன் ஒரு தடவையும் பகலில் ஒரு தடவையும் பல் துலக்கிவிடுங்கள். பின்னர் நுரையைத் துப்பினால் போதும், வாய் கொப்பளிக்க வேண்டாம். துலக்கியபின் தண்ணீர் மட்டும் கொடுங்கள்.

அச்சிறுவனின் நான்கு பற்களும் பிடுங்கப்பட்டுவிட்டன. மறுமுறை சென்றபோது, வைத்தியர் கேட்டதை மட்டுமே நாம் தமிழில் கேட்டோம். தாயார் அழாமல் விடை கூறினார். அடுத்த விழாவில் கறுத்த பல்லொன்றைக் காண நேரும் வாசகர், தாயைத் தனியே அழைத்து, "வைத்தியரிடம் கூட வரட்டுமா?" என்று கேட்பாராயின் அதுவே பேருதவி.