ரோமாபுரியில் இரண்டு ஜோடிக் கால்கள்

"எனக்குக் காலே வலிக்கலைடி. நீதான் நொண்டறே!"

ரோம் நகரத்தின் தெருக்களில் முதல் இரண்டு நாளும் என் சிநேகிதி இப்படித்தான் பெருமையடித்துக் கொண்டிருந்தாள். கல்லூரி நாளிலிருந்து பழக்கம். இரண்டு பேருக்கும் அறுபது தாண்டிவிட்டது. எனக்கு முழங்கால் மக்கர் பண்ணும். அவளுக்குப் பதினாலு வருஷமாகச் சர்க்கரை. ஆனால் நடை என்றால் குதிரைதான். அந்தப் பெருமை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஊரைக் கொஞ்சம் சுற்றிப் பார்த்துவிடுவோம், வாருங்கள்.

எனக்கு ரோம் இது இரண்டாவது தடவை. முன்பு டூரிஸ்ட் பஸ்ஸில் போனபோது ஒன்றரை நாளில் முழு ரோமையும் 'முடித்து'விட்டார்கள். "இடது பக்கம் பாருங்க, வலது பக்கம் பாருங்க" என்று கழுத்துச் சுளுக்குத்தான் மிச்சம். கொலோசியத்தைப் பார்த்ததைவிட முன் சீட் மாமியின் கொண்டையைப் பார்த்த நேரம்தான் அதிகம்! அப்படியும் அந்த ஊர் மனசில் ஒட்டிக்கொண்டது. அதனால்தான் போன மார்ச் மாதம் சிநேகிதியை இழுத்துக்கொண்டு எட்டு நாள் தங்குவது என்று கிளம்பினேன். காம்போ தே ஃபியோரி என்கிற சந்தைச் சதுக்கத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அறை கிடைத்தது. பழைய ரோமின் முக்கியமான இடங்கள் பலவும் அங்கிருந்து அரை மணி நடைக்குள்தான்.

ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ரோமின் தெரு நம் ஊர் சிமெண்ட் ரோடு மாதிரி வழவழவென்று இருக்காது. 'சாம்பியத்ரீனி' என்கிற சின்னச் சின்னக் கறுப்புக் கற்களைப் பதித்திருக்கிறார்கள். பார்க்க அழகு. ஆனால் ஒவ்வொரு அடியிலும் கணுக்கால் இப்படியும் அப்படியும் சாயும். மழை பெய்துவிட்டால் வழுக்கவும் செய்யும்.

தண்ணீருக்கு மட்டும் கவலையே இல்லை. தெருவுக்குத் தெரு இரும்புத் தூண் மாதிரி ஒரு குழாய், இரவும் பகலும் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். குழாய் மூக்கு மாதிரி வளைந்திருப்பதால் 'நசோனே', அதாவது பெரிய மூக்கு என்று பெயர். 1874 முதல் வைத்து வருகிறார்கள். ஊர் முழுக்க சுமார் 2,500 இருக்கின்றனவாம். குனிந்து குடிக்க வேண்டியதில்லை. மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் மேலேயுள்ள சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் வளைந்து பீச்சும். ஒரு குட்டிப் பெண் எங்களுக்கு இதைச் செய்து காட்டினாள். என் சிநேகிதி செய்தபோது என் புடவை தொப்பலாக நனைந்தது!

காப்பியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை. மேஜை போட்டு உட்கார்ந்தால் பெரும்பாலும் அதைவிட அதிகம். "உட்கார்றதுக்கா காசு?" என்று என் சிநேகிதி கடைசிவரை ஆச்சரியப்பட்டாள். ஸ்பானிஷ் படிக்கட்டில் உட்காரப் போனோம். போலீஸ்காரர் விசில் அடித்தார். 2019 முதல் அங்கே உட்காரக் கூடாதாம், மீறினால் அபராதம். என் முழங்கால் கெஞ்சியது. ஊருக்கெல்லாம் பெயர் போன படிக்கட்டு, உட்கார மட்டும் கூடாது. என்ன சட்டமோ!

பான்தியனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சுமார் 1,900 வருஷத்துக் கட்டடம். 43 மீட்டர் அகலத்துக்கு ஒரே கவிழ்த்த கிண்ணம் மாதிரிக் கூரை. உச்சியில் கிட்டத்தட்ட 9 மீட்டருக்கு ஒரு வட்டத் திறப்பு. கண்ணாடி கிடையாது. நாங்கள் போனபோது தூறல். உள்ளே நடுத்தரையில் மழை விழுந்துகொண்டிருந்தது! தரையில் இருக்கும் சின்ன ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் வடிந்துவிடுகிறது. நம் பழைய வீட்டு முற்றம்தான் ஞாபகம் வந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் த்ரேவி நீரூற்றுக்குப் போய்த் திரும்பி அறைக்கு வந்தோம். அவள் ஷூவைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் காலை நீட்டினாள்.

"உன் சாக்ஸில் என்னடி சிவப்பா?"

"எங்கே?" என்றாள் நிதானமாக.

வெள்ளை சாக்ஸ். குதிகாலுக்குப் பின்புறம் எட்டணா அளவுக்கு ரத்தக் கறை. கழற்றிப் பார்த்தால் கொப்புளம் உடைந்து தோல் உரிந்து கிடக்கிறது. பயணத்துக்கென்றே வாங்கிய புது ஷூ கடித்திருக்கிறது. எப்போது கடித்தது என்று அவளுக்குத் தெரியவே இல்லை. "வலிக்கலையே!" என்று மறுபடியும் சொன்னாள். ஆனால் இந்தத் தடவை குரலில் பெருமை இல்லை.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. பச்சை நிறச் சிலுவை விளக்கு எரிந்தால் அது மருந்துக்கடை. ஓடினேன். கடைக்காரப் பெண்மணி சர்க்கரை என்று கேட்டதும் பிளாஸ்திரியை எடுக்கவில்லை. "இதை டாக்டர் பார்க்க வேண்டும்" என்று விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டார்.

டாக்டர் ஓர் இளம்பெண். புண்ணைச் சுத்தம் செய்துவிட்டு, மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, "தெரிகிறதா?" என்று கேட்டார். என் சிநேகிதி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பல இடங்களில் பதிலே வரவில்லை. பக்கத்தில் நின்ற எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

விஷயம் இதுதான். பல வருஷம் சர்க்கரை இருந்தால் பாதத்து நரம்புகள் மெள்ள மெள்ள உணர்ச்சி இழக்கலாம். வலிக்காததை நாம் பலம் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆணி குத்தினாலும் ஷூ கடித்தாலும் தெரியாது. ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறுவது தாமதமாகும், சீழ் பிடிக்கும். முழங்கால் வலி என்று முனகி முனகி அடிக்கொரு தரம் நின்ற நான் தப்பித்தேன், முனகாதவள் மாட்டிக்கொண்டாள்.

டாக்டர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். வீட்டில் அம்மாவோ மாமியாரோ சர்க்கரைக்காரராக இருந்தால் இது உதவும். தினம் ராத்திரி பாதத்தைப் பார்க்க வேண்டும்: உள்ளங்கால், விரலிடுக்கு, குதிகால் எல்லாம். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், இல்லை, பேத்தியைப் பார்க்கச் சொல்லலாம். வெந்நீரில் காலை ஊறவைப்பது கூடவே கூடாது. கழுவும் வெதுவெதுப்பான தண்ணீரின் சூட்டையும் முழங்கையால் பார்க்க வேண்டும், காலால் அல்ல. கழுவியபின் விரலிடுக்கை நன்றாகத் துடைக்கணும், அங்கே கிரீம் தடவக் கூடாது. செருப்பு, ஷூவை மாட்டுமுன் கவிழ்த்துத் தட்ட வேண்டும். ஷூவைச் சாயங்காலம் வாங்குவது நல்லது, அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். புது ஷூவை முதலில் வீட்டுக்குள்ளேயே தினம் ஒரு மணி நேரம் போட்டுப் பழக்கணும். கொப்புளத்தை ஊசியால் குத்தக் கூடாது. சிவந்தாலோ வீங்கினாலோ நாற்றம் வந்தாலோ அன்றைக்கே டாக்டர். சாக்ஸ் வெள்ளையாக இருக்கட்டும். அவள் கறுப்பு சாக்ஸ் போட்டிருந்தால் நான் பார்த்தே இருக்க மாட்டேன்!

இரண்டு நாள் காலை ஊன்றக் கூடாது என்று உத்தரவு. அவள் அழுதாள். "என்னால உன் ஊரைப் பார்க்கறது கெட்டுப்போச்சு" என்றாள். "பஸ்ஸில் ஒன்றரை நாளில் முடிச்சவடி நான், போடி" என்றேன்.

ஜன்னலுக்குக் கீழே சந்தை. கட்டிலில் காலை நீட்டியபடியே பார்த்தோம். முள்ளு முள்ளாக இருக்கும் ஆர்ட்டிசோக் என்கிற காய். ஒரு கிழவர் அதைக் கையில் சுழற்றிச் சுழற்றி இதழ்களைச் சீவி, கறுக்காமல் இருக்க எலுமிச்சம்பழத் தண்ணீரில் போட்டுக்கொண்டே இருந்தார். நாம் வாழைப்பூவை நறுக்கி மோரில் போடுகிறோமே, அதே யுக்தி! நான் கீழே போய் வாங்கி வந்து, அறைச் சமையலறையில் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் போட்டு வதக்கினேன். அவள் புடலங்காய்தான் ஒசத்தி என்றாள்.

மூன்றாம் நாள் புண் காய ஆரம்பித்திருந்தது. கொஞ்சதூரம் மட்டும் நடக்கலாம், பழைய தளர்ந்த ஷூவில். டாக்ஸியில் போய் சந்த் அகொஸ்தீனோ என்கிற தேவாலயத்தின் வாசலில் இறங்கினோம். உள்ளே நுழைந்ததும் குழந்தையோடு மாதாவின் சலவைக்கல் சிலை. 1521 வாக்கில் சான்சோவினோ செய்தது. சுகப்பிரசவம் வேண்டிப் பெண்கள் வருவார்களாம். பிறந்த குழந்தைகளுக்காக நீலமும் ரோஜா நிறமுமாக ரிப்பன்கள் கட்டியிருந்தன. தலைமுறை தலைமுறையாகத் தொட்டுத் தொட்டுத் தேய்ந்த பாதத்துக்கு வெள்ளிக் கவசம் போட்டிருக்கிறார்கள். அங்கே நின்றிருந்த கர்ப்பிணிப் பெண் ஒருத்தி அதைத் தொட்டுவிட்டுத் தன் வயிற்றைத் தொட்டுக்கொண்டாள்.

பக்கத்திலேயே கரவாஜியோவின் படம். வாசலில் மாதா நிற்கிறாள், எதிரே யாத்திரை வந்த ஏழைக் கிழவியும் ஓர் ஆளும் மண்டியிட்டிருக்கிறார்கள். அந்த ஆளின் அழுக்கேறிய வெறுங்கால்கள் நம் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கின்றன.

பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள் என் சிநேகிதி. "பாவம், எத்தனை தூரம் நடந்தானோ? ராத்திரி யாராவது அவன் காலைப் பார்த்தாளா?" என்றாள்.

அன்றிரவு அவளே டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டுக் காலை நீட்டினாள்.