கோயிலை விட்டு வெளியே வந்த நோய்த் தெய்வம்

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வந்த முதல் வாரத்திலேயே பிள்ளைகள் ஏதாவது ஒரு கேமை இன்ஸ்டால் செய்துவிடுவார்கள். நீங்கள் எட்டிப் பார்த்தால் திரையில் தந்தம் முளைத்த பூதங்கள், முகமூடி போட்ட மந்திரவாதிகள், பாம்புத் தலை செதுக்கிய கோயில்கள் என்று ஏதேதோ தெரியும். "இதில் என்னடா இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவீர்கள். அப்படி ஒரு கேமில் இருந்த கற்பனைத் தெய்வம் ஒன்று, உண்மையான தொற்றுநோய் ஆராய்ச்சியாளர்களின் மேஜை வரை போயிருக்கிறது. இது 2005 செப்டம்பரில் நடந்தது.

கேமின் பெயர் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். பிளிஸ்ஸார்ட் என்ற அமெரிக்க நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்டது. நீங்கள் தனியாக ஆடும் சீட்டாட்டம், செஸ் போன்றது அல்ல இது. உலகம் முழுவதும் நிறுவனத்தின் சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் கம்ப்யூட்டர், அங்கு நடப்பதைப் படமாகக் காட்டி, நீங்கள் அழுத்தும் கீயை அங்கு அனுப்பி வைக்கும், அவ்வளவுதான். நீங்கள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் தூங்கப் போனாலும் அந்த உலகம் ஓடும். ஒரே சர்வரில் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் நடமாடுவார்கள். நகரம், சந்தை, அரட்டை, வியாபாரம் எல்லாம் உண்டு. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரோல்களின் சமயம்

அந்த உலகில் ட்ரோல் என்ற இனம் உண்டு. காட்டில் வாழும், உயரமான, தந்தம் கொண்ட இனம். இவர்கள் வணங்குவது லோவா எனப்படும் ஆவிகளை. புலி, கருஞ்சிறுத்தை, வௌவால், பாம்பு, சிலந்தி என்று ஒவ்வொரு லோவாவுக்கும் ஓர் உருவம். ஒவ்வொன்றுக்கும் தனிப் பூசாரி. பூசாரியின் வேலை மந்திரம் சொல்வதோடு முடியாது. அருள் வந்ததும் அவரே அந்த விலங்காக மாறிவிடுவார். பூசாரிகளுக்கு அடுத்து, ஆவிகளை ஏவியும் கட்டியும் வைக்கும் மந்திர வைத்தியர்கள். சைபீரியாவின் ஷாமன்கள் பற்றிப் படித்தவர்களுக்கு இந்த அமைப்பு பழக்கமானதாகத் தோன்றும்.

லோவா என்ற சொல் கற்பனையானது அல்ல. ஹைட்டி நாட்டு வூடூ சமயத்தின் சொல் அது. படிக்கட்டுக் கோயில்களும் சிறகு முளைத்த பாம்பும் மெக்சிகோவின் பழைய நாகரிகங்களிலிருந்து வந்தவை. இன்றும் மக்கள் பின்பற்றும் ஒரு சமயத்தின் சொல்லை எடுத்து நரபலி கொடுக்கும் பூதங்களுக்கு மாட்டிவிட்டது எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. ஆனால் கதையை மட்டும் பார்த்தால் நன்றாகவே கட்டியிருக்கிறார்கள்.

லோவாக்களில் மிகக் கொடியது ஹக்கார். இரத்த தெய்வம், உயிர்களை உரித்தெடுப்பவன் என்று பட்டப் பெயர்கள். சிறகுள்ள பெரிய பாம்பு உருவம். வலிமை தருகிறேன் என்று குருபாஷி ட்ரோல்களிடம் வந்தான், பதிலுக்கு உயிர்ப்பலி கேட்டான். கொடுத்துப் பார்த்த ட்ரோல்கள், இந்தச் சாமிக்குப் பசி அடங்காது என்று தெரிந்ததும் எதிர்த்தார்கள். ஆனால் அட்டாலை என்ற பூசாரிக் கூட்டம் மட்டும் அவனை விடவில்லை. ஹக்காரை உடலோடு இந்த உலகிற்குக் கொண்டு வந்துவிட வேண்டும் என்பதே அவர்களது ஒரே வேண்டுதல். அடித்துத் துரத்தப்பட்ட பிறகு சதுப்பு நிலத்தில் பெரிய கோயில் கட்டினார்கள். அந்தக் கோயிலை ஒரு டிராகன் நீருக்குள் அமிழ்த்திவிட்டது. ஆக, அந்தக் கோயிலில் அவர்களது வேண்டுதல் பலிக்கவில்லை.

பத்து வினாடி நோய்

2005 செப்டம்பர் 13 அன்று பிளிஸ்ஸார்ட் ஒரு அப்டேட் கொடுத்தது. அதில் ஜுல்குரூப் என்ற காட்டுக் கோயில் நகரம் புதிதாக வந்தது. 20 பேர் சேர்ந்து உள்ளே போக வேண்டும். ஐந்து லோவாக்களின் ஐந்து தலைமைப் பூசாரிகளும் அங்கு இருப்பார்கள். ஹக்காரைத் தடுக்க வந்து, அவனுக்கே அடிமையாகிப் போனவர்கள். அவர்கள் ஒவ்வொருவரையும் வீழ்த்த வீழ்த்த ஹக்காரின் பலம் குறையும். கடைசியில் அவனோடு சண்டை.

சண்டையில் அவன் பயன்படுத்தும் ஆயுதம்தான் கரப்டட் பிளட், அதாவது கெட்டுப்போன இரத்தம். ஒருவரைத் தாக்கினால் அவர் உயிர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பக்கத்தில் யார் நின்றாலும் அவருக்கும் தொற்றும். அதனால் தள்ளித் தள்ளி நிற்க வேண்டும். நோய் சில வினாடிகளில் தானே விலகிவிடும். உச்ச நிலையான 60-ஐ எட்டிய வீரர்கள் தாங்குவார்கள் என்று கணக்குப் போட்டே வைத்திருந்தார்கள். கோயிலை விட்டு வெளியே போவதற்குள் நோய் போய்விடும் அல்லது ஆள் போய்விடுவார். எப்படியும் நோய் உள்ளேயே அடங்கிவிடும் என்பது எண்ணம்.

எண்ணத்தில் ஒரு ஓட்டை இருந்தது. கேமில் வேட்டைக்காரர் போன்ற சிலர் கரடி, ஓநாய் என்று வளர்ப்பு மிருகம் வைத்திருப்பார்கள். வேண்டாதபோது அதை மறைய வைக்கலாம், வேண்டும்போது கூப்பிடலாம். மிருகம் மறையும்போது அதன் அப்போதைய நிலையை புரோகிராம் அப்படியே சேமித்து வைத்தது. நோய் இருந்தால் நோயோடு சேர்த்து. சேமிப்பில் இருக்கும் வரை நோய் தீர வேண்டிய நேரம் ஓடாது. வேட்டைக்காரர் ஊருக்குத் திரும்பி, சந்தை நடுவில் நின்று தன் மிருகத்தைக் கூப்பிட்டால், அது அந்த நோயோடு எழுந்து வந்து நிற்கும்.

புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இது முட்டாள்தனமான பிழை அல்ல. நோயை எழுதிய பகுதி சரி. மிருகத்தைச் சேமிக்கும் பகுதியும் சரி. இரண்டையும் தனித்தனியே சோதித்தால் தவறு எதுவும் கண்ணில் படாது. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் பிழை. கோயிலுக்குள் அடங்கியிருக்க வேண்டியதை ஒரு வளர்ப்பு ஓநாய் வெளியே கொண்டு வந்துவிட்டது. ஹக்கார் வரவில்லை, ஆனால் அவனுடைய இரத்தம் ஊருக்குள் வந்துவிட்டது.

நகரத்தில் நடந்தது

ஐயன்ஃபோர்ஜ், ஆர்கிரிமார் போன்ற தலைநகரங்கள் எப்போதும் கூட்டமாக இருக்கும் இடங்கள். உச்ச நிலை வீரர்களே தடுமாறும் நோய், நேற்றுச் சேர்ந்த புது ஆட்டக்காரர்களைத் தொட்டதும் சாய்த்தது. பாதிக்கப்பட்ட சர்வர்களில் தெருவெல்லாம் எலும்புக்கூடுகள்.

அடுத்த சிக்கல் கடைக்காரர்கள். கடைக்காரர், காவலர் போன்ற கதாபாத்திரங்களைக் கம்ப்யூட்டரே இயக்கும். அவர்கள் எளிதில் சாகாதபடி செய்யப்பட்டவர்கள். நோய் அவர்களுக்கும் தொற்றியது, ஆனால் அவர்கள் வழக்கம்போல் நின்று வியாபாரம் பார்த்தார்கள். வாங்க வந்தவர் நோயோடு திரும்பினார்.

மனிதர்கள் செய்ததுதான் இன்னும் சுவாரசியம். சிலர் ஊரை விட்டு ஓடினார்கள், போன ஊருக்கும் நோயைக் கொண்டு போனார்கள். வைத்தியம் தெரிந்த ஆட்டக்காரர்கள் யாரும் சொல்லாமலே தெருவில் நின்று விழுந்தவர்களுக்கு உயிர் ஊட்டினார்கள். ஆனால் அதனால் நோயாளி இன்னும் கொஞ்ச நேரம் நடமாடி இன்னும் சிலருக்குப் பரப்பினார். வாசலில் நின்று "உள்ளே வராதீர்கள்" என்று எச்சரித்தவர்கள் உண்டு. வேண்டுமென்றே கூட்டத்தில் புகுந்து பரப்பியவர்களும் உண்டு. என்னதான் நடக்கிறது என்று சும்மா பார்க்க வந்து மாட்டிக்கொண்டவர்களுக்குக் கணக்கே இல்லை.

நிறுவனம் ஒதுங்கியிருங்கள் என்று கேட்டுப் பார்த்தது. யாரும் கேட்கவில்லை. கடைசியில் சர்வர்களை நிறுத்தி மீண்டும் தொடங்கி, புரோகிராமையும் திருத்தினார்கள். அக்டோபரில் வளர்ப்பு மிருகங்களை அந்த நோய் தொடாதபடி மாற்றியதும் பிரச்சினை முடிந்தது. உண்மையான ஊரில் சர்வரை நிறுத்தித் தொடங்க முடியாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆராய்ச்சியாளர்கள் வந்தார்கள்

2007-ல் இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரான் பாலிசர், எபிடெமியாலஜி என்ற ஆய்விதழில் இதைப் பற்றி எழுதினார். அதே ஆண்டு எரிக் லாஃப்கிரன், நினா ஃபெஃபர்மன் இருவரும் லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ் இதழில் எழுதினார்கள். லாஃப்கிரன் இந்த கேமை ஆடியவர். நோய் பரவுவதைக் கணக்குப் போடும் கம்ப்யூட்டர் மாதிரிகள் பல உண்டு. அவற்றில் வரும் மனிதர்கள் எழுதி வைத்தபடிதான் நடப்பார்கள். இங்கோ திரைக்குப் பின்னால் நிஜ மனிதர்கள். 'போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்' என்று நினைக்கும் ஆளைக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்ற கேள்வி இப்படித்தான் எழுந்தது.

இதற்கு மறுப்பும் உண்டு, அதிலும் நியாயம் இருக்கிறது. கேமில் செத்தால் ஆவியாக ஓடிப் போய் உடலை எடுத்துக்கொண்டு மறுபடி எழுந்துவிடலாம். உயிருக்கு அங்கு மலிவு விலை. நிஜத்தில் யாரும் அவ்வளவு துணிய மாட்டார்கள் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2020-ல் எங்கள் தெருவை ஜன்னல் வழியாகப் பார்த்த பிறகு அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

எனக்கு இந்தக் கதையில் ஒட்டிக்கொண்டது அந்த வளர்ப்பு மிருகம். பள்ளியில் படிக்கும்போது புராஜெக்டை பிரின்ட் எடுக்க பென் டிரைவை ஒரு கடைக்குக் கொண்டு போனேன். திரும்பி வந்து மாமா வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகினேன். பென் டிரைவ் பார்க்கச் சாதுவாக இருந்தது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மாமாவின் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டன. அதிலிருந்த கல்யாணப் போட்டோக்களை மீட்க இரண்டு நாள் ஆனது. வெளியே போய் வந்த பென் டிரைவைத் திறப்பதற்கு முன் ரைட் கிளிக் செய்து ஸ்கேன் கொடுப்பது அன்று தொற்றிய பழக்கம். உங்களுக்கும் சிபாரிசு செய்கிறேன்.

ஜுல்குரூப்பைப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு குறிப்பு. 2011-ல் அந்த இடத்தை ஐந்து பேர் ஆடும்படி மாற்றி அமைத்தார்கள், அதில் கடைசி எதிரி ஜின்டோ என்ற மந்திர வைத்தியர். ஹக்கார் இருக்கும் பழைய கோயில் வேண்டுமென்றால் கிளாசிக் என்ற பதிப்பில் ஆட வேண்டும். அதற்கு மாதச் சந்தா கட்டாயம். கிளாசிக்கில் அந்தக் கோயில் திறந்தது 2020 ஏப்ரலில், உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது. ஹக்காரோடு சண்டை போட ஒரு வழி சொல்கிறேன். அவ்வப்போது அவன் எல்லோருடைய இரத்தத்தையும் உறிஞ்சுவான். அதற்குச் சற்று முன் அங்கு வரும் விஷப் பாம்பைக் கொன்று, அதன் நச்சு உங்கள் மேல் படும்படி நின்றுகொள்ளுங்கள். உறிஞ்சும்போது அந்த நச்சு அவனுக்கே போகும். அது முடிந்ததும் மறக்காமல் தள்ளி நில்லுங்கள்.