விறகும் மண்ணெண்ணெயும்

மதுரைக்கும் விறகுக்கும் உள்ள தொடர்பு பழமையானது. பரஞ்சோதி முனிவர் தம் திருவிளையாடற் புராணத்தில் 'விறகு விற்ற படலம்' எனத் தனிப் படலமே அமைத்துள்ளார். பாணபத்திரர்பொருட்டுச் சோமசுந்தரக் கடவுள் விறகுச் சுமையுடன் இந்நகரத் தெருக்களில் திரிந்தார் என்பது கதை. அவ்விறகை எக்காட்டில், எவர் இசைவுடன் வெட்டினீர் என்று அங்கு யாரும் வினவவில்லை!

அவ்வினா 1882-இல் எழுந்தது. அவ்வாண்டின் சென்னை வனச் சட்டம், அரசுக்குரிய நிலங்களைக் காப்புக்காடுகளாக அறிவிக்க வழிவகுத்தது. அங்கு இசைவின்றி விறகெடுத்தல் குற்றமாயிற்று. அழகர்மலை போன்ற குன்றுகளின் அடிவாரத்தில் வழிவழியாகத் தலைச்சுமை விறகால் அடுப்பெரித்த பெண், அவள் செயலில் மாற்றம் ஏதுமின்றியே, சட்டத்தின் கண்ணில் கள்வியானாள். ஜெர்மனியின் ரைன் மாநிலத்திலும் இதுவே நிகழ்ந்தது. உதிர்ந்த சுள்ளி பொறுக்குவதையும் திருட்டாக்க முனைந்த சட்டத்தைக் கண்டித்துக் கார்ல் மார்க்சு 1842-இல் எழுதினார். பொருளியலின்பால் தம் கவனம் திரும்ப அதுவும் காரணமாயிற்று எனப் பின்னர் அவரே குறித்துள்ளார்.

தேவையால் நேரும் களவு வேறு என்பதை அரசாள்வோரும் உணர்ந்ததுண்டு. ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டையொட்டிய கடும் பஞ்சத்தில் கலீபா உமர் (ரலி) அவர்கள் களவுக்குரிய தண்டனையை நிறுத்திவைத்தார்கள் என்பர்.

விறகுக்குப் பின் மண்ணெண்ணெய் வந்தது. நியாயவிலைக் கடையில் ஒரு விலை, வெளிச்சந்தையில் மற்றொரு விலை. டீசலோ அதனினும் மிகுவிலை. ஆதலின் ஏழையின் அடுப்புக்கென அரசு மானியம் தந்த எண்ணெய், டீசலில் கலக்கப்பெற்று லாரிகளில் எரிந்தது. அடையாளத்திற்கென நீலநிறம் சேர்த்தும் பயனில்லை. நாட்டில் பங்கீட்டு மண்ணெண்ணெயில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இவ்வாறு திசைமாறியதாக 2005-இல் ஆய்வொன்று மதிப்பிட்டது. மகாராட்டிர மாநிலம் மன்மாட் அருகே இக்கலப்படத்தைத் தடுக்க முயன்ற கூடுதல் ஆட்சியர் யஷ்வந்த் சோனாவணே, 2011 சனவரி 25 அன்று உயிரோடு எரிக்கப்பெற்றார். கையில் கேனுடன் வரிசையில் நின்று, 'இருப்பு இல்லை' என்ற விடைபெற்றுத் திரும்பியவர்களே இங்குப் பொருளை இழந்தவர்கள். களவு என்னும் சொல் இதற்கன்றோ முழுமையாகப் பொருந்தும்?

2007-இல் தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்பு வழங்கத் தொடங்கியது. 2016-இல் நடுவண் அரசின் உஜ்வலா திட்டமும் வந்தது. புகை குறைந்தது உண்மையே. எனினும் விறகைப்போல் அன்றன்றைக்குச் சிறுகச் சிறுக வாங்க எரிவாயு உருளை இடந்தருவதில்லை. முழு விலையையும் ஒருசேரத் தரவேண்டும். நாட்கூலியில் அத்தொகை சேரும்வரை சீமைக் கருவேல முள்ளும் மலைச் சுள்ளியுமே எரிகின்றன. அச்சுள்ளியைப் பொறுக்கச் செல்வோர்க்கு 1882-ஆம் ஆண்டுச் சட்டம், தமிழ்நாடு வனச் சட்டம் என்னும் பெயருடன் இன்றும் நடைமுறையில் உள்ளது.