குளவி கொட்டினால் பக்கத்தில் யார் இருக்கிறார்?

மலையில் குளவிக்கூடு கலைந்தால் நாம் முதலில் தேடுவது லொறியை. லொறி வேண்டும்தான். அதைவிட அவசியம், சிகிச்சை பழகின ஒரு ஆள்.

கொட்டின இடம் வீங்குவது சாதாரணம். உதடு, நாக்கு வீங்கினால், மூச்சு இழுத்தால், உடம்பெல்லாம் தடித்தால், மயக்கம் வந்தால் ஆபத்து. இதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்பக்கத் தசையில் உடனே போடவேண்டும். பிந்தினால் உயிர் போகலாம். தோட்ட ஆஸ்பத்திரியில் இருப்பவர் இந்த அறிகுறிகளைக் கண்டவுடன் ஊசி போடப் பழகியிருக்க வேண்டும்.

2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய ‘1990 சுவசெரிய’ இலவச அம்புலன்ஸ், பின்பு நுவரெலியா மாவட்டத்துக்கும் வந்தது. அவசர சிகிச்சை பயின்ற ஒருவர் அதில் வருவார். 1990க்கு அழைத்து தோட்டம், டிவிஷன், வரும் வழி சொல்லுங்கள்.

அம்புலன்ஸ் வரும்வரை:

• ஆளைக் கூட்டிலிருந்து தூரக் கொண்டுபோங்கள்.
• மயக்கம் என்றால் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் உட்காரவையுங்கள்.
• நடக்க விடாதீங்க. குடிக்க எதுவும் கொடுக்காதீங்க.

நம்ம டிவிஷனில் முதலுதவி பழகினவர் யார்? ஆஸ்பத்திரியில் ஊசி இருக்கா? நலன்புரி உத்தியோகத்தரிடம் இன்றைக்கே கேளுங்கள்.