லப்டொப் சூடாக, பாட்டு ஏன் வெடிக்குது?

இந்தக் கிழமை எபிசோட்டில் ஹோம் ஸ்டூடியோ பற்றிக் கதைச்சம். நேரம் காணாமல் விட்ட விசயம் ஒண்டை இங்கே எழுதுறன். வாற கேள்வி பெரும்பாலும் இப்பிடித்தான் இருக்கும்: "அண்ணா, சிபியு மீட்டர் 40 வீதம்தான் காட்டுது. ஆனா பாட்டு டிக் டிக் எண்டு வெடிக்குது. புது லப்டொப் வாங்கவோ?"

பொறுங்கோ. காசை எடுக்க முதல் அந்த டிக் எங்கேயிருந்து வருது எண்டு பார்ப்பம்.

கொம்பியூட்டருக்குச் சத்தம் எண்டுறது வெறும் எண்கள். 48 கிலோஹேர்ட்ஸில் ரெக்கோர்ட் செய்தால் ஒரு செக்கனுக்கு 48,000 எண். அதை ஒவ்வொண்டாகக் குடுக்கிறதில்லை, கட்டுக் கட்டாகத்தான் குடுக்கும். அந்தக் கட்டின்ர அளவுதான் பஃபர். பஃபர் 128 எண்டால் 128ஐ 48,000ஆல் பிரியுங்கோ: 2.67 மில்லிசெக்கன். உங்கட ஈக்யூ, ரிவேர்ப், எல்லாக் கணக்கையும் அந்த நேரத்துக்குள்ள முடிச்சு அடுத்த கட்டை நீட்ட வேணும். பிறகு திரும்ப 2.67. செக்கனுக்கு 375 தரம்.

கோயில் அன்னதானப் பந்தியில் இருந்திருப்பீங்கள். இலையில் சோறு முடிய முதல் அடுத்த அகப்பை வரவேணும். பரிமாறுற அண்ணா ஒரு மணித்தியாலத்தில் எத்தனை வாளி காலி செய்தார் எண்டது உங்களுக்குத் தேவையில்லை. உங்கட இலை வெறுமையாக இருக்கேக்க அவர் எங்கே நிண்டார் எண்டதுதான் கேள்வி. அந்த வெறும் இலைதான் டிக். கொம்பியூட்டருக்குப் பலம் இல்லாமல் இல்லை, அது ஒருக்கா பிந்திப்போச்சு, அவ்வளவுதான்.

மீட்டர் ஏன் 40 காட்டுது எண்டது இப்ப விளங்கும். அது எல்லாக் கோரையும் சேர்த்து எடுத்த சராசரி. ஒரு ட்ராக்கில் வரிசையாகப் போட்ட பிளகின்கள் பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடும், ஏனெண்டால் ஒண்டு முடிஞ்சால்தானே மற்றது தொடங்கலாம். அந்த ஒரு கோர் மூச்சு வாங்க, மற்றக் கோர்கள் சும்மா இருக்கும். விண்டோஸ் மீட்டரை விட்டிட்டு உங்கட ரெக்கோர்டிங் மென்பொருளுக்குள்ள இருக்கிற மீட்டரைப் பாருங்கோ.

இனி சூடு. இன்டெல் லப்டொப் சிப்புகள் பலதுக்கு எல்லை 100 பாகை செல்சியஸ். அதைத் தொட்டால் சிப் தன்னைக் காப்பாற்றத் தானே வேகத்தைக் குறைக்கும். 4 கிகாஹேர்ட்ஸில் உங்கட கணக்கு 2 மில்லிசெக்கனில் முடிஞ்சது எண்டு வைப்பம். சூடேறி 2.5க்கு இறங்கினால் அதே கணக்குக்கு 3.2 வேணும். தவணை 2.67. முடிஞ்சுது கதை. நீங்கள் ஒண்டையும் மாத்தேல்லை, ஆனா அரை மணித்தியாலத்துக்கு முதல் ஓடின அதே பாட்டு இப்ப வெடிக்குது. விலை கூடின மெஷினுக்கும் விதிவிலக்கில்லை: 2018இல் வந்த ஐ9 மக்புக் ப்ரோ பாரமான வேலையில் சூடாகி அளவுக்கு மிஞ்சி வேகம் குறையுது எண்டு பெரிய சத்தம் எழும்பினது. அப்பிள் அதே ஜூலையில் அப்டேட் விட்டுத்தான் சரிப்படுத்தினது.

2022 ஜூலை 19 இங்கிலாந்தில் முதல்தரம் 40 பாகை தாண்டின நாள் ஞாபகம் இருக்கும், கொனிங்ஸ்பியில் 40.3. அந்தக் கிழமை எனக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தர் லண்டனில் தன்ர லொஃப்ட் அறையில் அம்மம்மாவின்ர தாலாட்டுகளை ரெக்கோர்ட் செய்துகொண்டிருந்தார். அம்மம்மா ரெண்டு நாளில் யாழ்ப்பாணம் திரும்புறா, வயசு எண்பத்திநாலு. முதல் இருபது நிமிசம் வடிவாப் போச்சு. பிறகு ஹெட்ஃபோனில் டிக் டிக். அம்மம்மா பாடுறதை நிப்பாட்டிட்டு, "மெசின் பிழைச்சுப்போச்சோ தம்பி, நான் பிறகு பாடட்டோ?" எண்டு கேட்டவவாம். தம்பி எல்லாத்தையும் அழிச்சிட்டுத் திரும்பத் தொடங்கப் போறன் எண்டு எனக்கு அடிச்சார்.

நான் முதல் சொன்னது: ஒண்டையும் அழிக்காதேங்கோ. கேட்ட டிக் ஃபைலுக்குள்ள இருக்குதோ, வாசிக்கேக்க மட்டும் வருதோ எண்டு பாருங்கோ. பிளகின் எல்லாத்தையும் ஓஃப் செய்து, அதே இடத்தை மூண்டுதரம் போட்டுக் கேளுங்கோ. ஒவ்வொருதரமும் ஒரே சொல்லில் வந்தால் அது ஃபைலுக்குள்ள பதிஞ்சிட்டுது. இடம் மாறினால், இல்லாட்டி வரவே இல்லையெண்டால், ரெக்கோர்டிங் பெரும்பாலும் சுத்தம். தம்பியிட்ட இருந்த நாலு பாட்டில் மூண்டு சுத்தம். அழிச்சிருந்தால் போயிருக்கும்.

மிச்சத்துக்கு வழி லேசு. குரலைப் பதியேக்க ரிவேர்ப் தேவையில்லை, பிறகு போடலாம். பிளகின் எல்லாம் வெளியில, பஃபர் 512, அதாவது 10.7 மில்லிசெக்கன். பஃபர் கூடினால் ஹெட்ஃபோனில் குரல் பிந்திக் கேட்கும், அதுக்கு இன்டர்ஃபேஸில் இருக்கிற டைரக்ட் மொனிட்டரை ஒன் செய்தால் கொம்பியூட்டரைச் சுத்தாமல் நேராக் கேட்கலாம். லப்டொப்பின்ர பின்பக்கத்தை ரெண்டு புத்தகத்தில் உயர்த்தி, கீழ் அறைக்குக் கொண்டுபோகச் சொன்னன். மக்புக்குகளுக்கு அப்பிள் சொல்லுற அறைச் சூடே 35 பாகை வரைக்கும்தான், வெயிலில் லொஃப்ட் அதைத் தாண்டிடும். மின்விசிறியை லப்டொப்புக்கு வைக்கலாம், ஆனா மைக் அதையும் சேர்த்துப் பாடவைக்கும். இன்னொண்டு, திரும்பக் கிடைக்காத குரல் எண்டால் பக்கத்தில் ஃபோனிலயும் ரெக்கோர்டிங் ஓடட்டும். இதில் எனக்கு ரெண்டாவது அபிப்பிராயம் இல்லை.

விண்டோஸ்காரருக்கு ஒரு விசயம். பவர் ஒப்சனில் அதிகபட்ச புரொசெசர் அளவை 100இல் இருந்து 99 ஆக்கினால் இன்டெல் லப்டொப்புகளில் பொதுவாக டேர்போ நிண்டுபோம். வேகம் குறையும், சூடும் குறையும், ஏறி இறங்காமல் ஒரே சீராக ஓடும். கேம் விளையாடுறவைக்கு இது பைத்தியக்கார வேலை. எங்களுக்கு அவசரப்பட்டு ஓடிக் களைக்கிற ஆளை விட, ஒரே நடையில் வாற ஆள்தான் வேணும்.

ஆனா எல்லா டிக்கையும் சூட்டில் போடாதேங்கோ. இருபது நிமிசத்துக்குப் பிறகு தொடங்கினால் சூட்டைச் சந்தேகியுங்கோ, எச்டபிள்யூஇன்ஃபோ போட்டால் சிப் வேகம் குறைச்சதோ எண்டு காட்டும். தூசி அடைச்ச ஃபேனைத் துப்பரவாக்கினாலே பாதி வேலை முடியும். முதல் நிமிசத்தில் இருந்தே தாறுமாறாக வந்தால் டிரைவர் பிரச்சினை: வைஃபையை நிப்பாட்டிப் பாருங்கோ, லேட்டன்சிமொன் எந்த டிரைவர் வழியை மறிக்குது எண்டு சொல்லும். மணிக்கூடு மாதிரி ஒரே இடைவெளியில் வந்தால், ரெண்டு டிஜிட்டல் கருவிகள் ஆளுக்கொரு கடிகாரத்தில் ஓடுதோ பாருங்கோ. ஒண்டை மாஸ்டராக்கி, மற்றது அதைப் பின்பற்ற விடவேணும்.

இன்டர்ஃபேஸ் கையில் சூடாகப் படுறது கனநேரம் வழமைதான், உலோகப் பெட்டியே சூட்டை வெளியில விடுற வழி. அதுக்கு மேல ஹார்ட் டிஸ்க்கும் தேத்தண்ணிக் கோப்பையும் அடுக்காதேங்கோ. யூஎஸ்பியில் பவர் எடுக்கிறதெண்டால் மலிவான ஹப் வழியாகக் குடுக்காமல் நேராக லப்டொப்பில் குத்துங்கோ.

கேள்வி அனுப்பேக்க, டிக் எத்தனையாவது நிமிசத்தில் தொடங்குது, பஃபர் எவ்வளவு எண்டு சேர்த்து எழுதுங்கோ. புரொசெசர் பேரை விட அது எனக்குக் கூட உதவும்.